முல்லைத்தீவுக் கரையில் முதல் அலை: விடியற்காலை அலைச்சறுக்குக்குப் புறப்படுகிறவர்களுக்கு

வன்னிப் பிள்ளைகளுக்குக் குளம் நல்ல பழக்கம். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் இரணைமடுவிலும் பாய்ந்து நீந்தி வளர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் கடலுக்குப் போனால், காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு, கால் நனைத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். பலகையில் ஏறி அலையோடு சறுக்கி வரும் அலைச்சறுக்கு என்றால் அது அறுகம்குடாவில் வெள்ளைக்காரர் விளையாடுவது என்றொரு எண்ணம் வேறு. அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். கோடையில் முல்லைத்தீவுக் கரைக்கு வருவது சின்ன அலை. முழங்காலளவு, கூடினால் இடுப்பளவு. கைதேர்ந்தவர்களுக்கு அது போதாது. முதன்முதலாகப் பலகையில் படுத்துப் பார்க்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு காலைப்பொழுதுக்குப் போய்வர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இங்கே ஒழுங்காகச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு விடயத்தை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: முதல் நாளில் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிப் போகவேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. அலைச்சறுக்கின் ஆரம்பப் பாடம் முழுவதையும் அந்த ஆழத்திலேயே படிக்கலாம்.

காலமும் காற்றும்

ஐப்பசி தொடங்கி தை வரை இந்தக் கடலை மறந்துவிடுங்கள். வாடைக்காற்று வங்கக் கடலைத் தாண்டி நேரே நம் கரையில் வந்து மோதுகிற காலம் அது. புயலும் தாழமுக்கமும் வருவதும் அப்போதுதான். மீனவர்களே வள்ளத்தை மேலே ஏற்றி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களில் பலகையோடு போய் நிற்பது புத்தியல்ல.

சித்திரைக்குப் பிறகு நிலைமை மாறும். வைகாசி, ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கிறது. தென்மேற்கிலிருந்து கிளம்பி, தீவைக் குறுக்கே கடந்து, நம் வயலையும் காட்டையும் தாண்டி வருகிற காற்று அது. முல்லைத்தீவுக் கரை வடகிழக்கைப் பார்த்துக் கிடப்பதால் சோளகம் கரையிலிருந்து கடலுக்குள் வீசும். இதில் ஒரு நன்மையும் ஒரு பெரிய ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. எதிரே வரும் அலையை அந்தக் காற்று தாங்கிப் பிடிப்பதால் அலை உடனே சிதறாமல் நிமிர்ந்து நின்று, நேர்த்தியாக மடியும். அதே காற்று மிதக்கிற எதையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். பந்தோ ரியூப்போ பலகையோ கையை விட்டு நழுவினால் நீங்கள் நீந்துவதைவிட வேகமாக அது விலகிப் போகும். கடல் குளம் மாதிரி அமைதியாகக் கிடக்கிற நாளில்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அன்றைக்கு யாருக்கும் பயம் வராது. பலகை போனால் போகட்டும் என்று விடவேண்டும். அதன் பின்னால் நீந்திப் போகக்கூடாது. இதைப் புறப்படுவதற்கு முன்பே எல்லோரும் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். காய்ந்த மணலில் ஒரு பிடி அள்ளி, கையை உயர்த்தி மெல்ல விடுங்கள். மணல் கடல் பக்கம் சாய்ந்து விழுந்தால் சோளகம். கிட்டத்தட்ட நேரே கீழே விழுந்தால் நல்ல நேரம், இறங்கலாம். உங்கள் காலடியில் விழாமல் பறந்தே போனால் அன்றைக்குக் கரையோரம் குளித்துவிட்டுத் திரும்புங்கள்.

காலையை விட நல்ல நேரம் இதற்கு இல்லை. இரவில் அடங்கிக் கிடக்கும் காற்று வெயில் ஏற ஏறப் பலக்கும். ஆறு மணிக்கு முன்பே கிழக்கு வெளுத்துவிடும். எல்லாம் தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் இறங்கி, எட்டரைக்குள் ஏறிவிடுங்கள். முதல் நாள் இரவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளவும்.

கூட்டத்தில் யாருக்கு என்ன வேலை

தனியாகப் போகவே கூடாது. மூன்று பேருக்குக் குறையாமல், ஆறு பேருக்கு மிஞ்சாமல் போவது நல்லது. அவர்களில் ஒருவர் எப்போதும் கரையில் நிற்கவேண்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது காவல் ஆகாது. தண்ணீரில் நிற்கிறவர்களின் தலையை எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஆள் மாறலாம்.

சைகையை முன்பே பேசிவையுங்கள். ஒரு கையை உயர்த்தி அசைத்தால் உதவி வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் வளைத்துப் பிடித்தால் எல்லாம் சரி. அலைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது.

தண்ணீரில் இறங்குகிறவருக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். நிற்காமல் ஐம்பது மீற்றர் நீந்துவார், மல்லாந்து ஐந்து நிமிடம் மிதப்பார் என்றால் போதும். முந்தின கிழமை குளத்திலோ வாய்க்காலிலோ ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவருக்கும் கடல் புதிது என்பதை மறக்கவேண்டாம். குளத்துத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் தண்ணீர் ஆளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். முந்தின இரவு குடித்தவர் தண்ணீருக்கும் வேண்டாம், கரைக்காவலுக்கும் வேண்டாம்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கிவிட்டுப் போன நாள். கடல் என்றதும் முகம் மாறும் அம்மாமார், அப்பாமார் இன்றும் இருக்கிறார்கள். வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். எங்கே, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கூட வந்த ஒருவர் கடைசி நிமிடத்தில் "நான் வரேல்லை" என்று மணலில் உட்கார்ந்தால் கேலி செய்யவேண்டாம். இழுக்கவும் வேண்டாம்.

பலகையும் பையும்

முல்லைத்தீவில் போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் புறப்படாதீர்கள். பலகை உங்களோடு வரவேண்டும். ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் சிலர் கொண்டுவருவார்கள். இல்லாவிட்டால் அறுகம்குடாவிலோ வெலிகமவிலோ பழைய பலகை ஒன்று விசாரித்து வாங்கி, நண்பர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். பழகுகிறவருக்கு வேண்டியது எட்டு, ஒன்பது அடி நீளமும், நல்ல அகலமும், மேற்பரப்பு ஃபோமுமான மென்பலகை. பார்க்க அழகான, கூர் மூக்குள்ள சின்னப் பலகை இப்போதைக்கு வேண்டாம். அதில் படுக்கவே பல மாதம் பழகவேண்டும், அது மண்டையில் பட்டால் தையல்தான். நாலு பேருக்கு இரண்டு பலகை தாராளம். ஒருவர் ஏற, மற்றவர் பின்னால் நின்று தள்ளிவிட, மாறி மாறிச் செய்வதுதான் சீக்கிரம் பழகும் வழி.

பலகையைக் காலோடு பிணைக்கும் கால்கயிறு அறுந்து நைந்திருக்கிறதா என்று பாருங்கள். சோளகம் அடிக்கிற கடலில் கால்கயிறு இல்லாத பலகையைத் தொடவே கூடாது.

தண்ணீர் 28, 29 பாகைச் சூட்டில் இருக்கும், ஆகவே குளிருக்கென்று தனி உடுப்புத் தேவையில்லை. வெயிலுக்கும், நெஞ்சு பலகையில் உராய்வதற்கும் முழுக்கை ரீசேர்ட் ஒன்று கட்டாயம். பெண்பிள்ளைகளுக்கு ரீசேர்ட்டும் நீளமான லெகின்ஸும் வசதி, சாரமோ பாவாடையோ காலில் சுற்றும். (அறுகம்குடாவில் உள்ளூர்ப் பெண்கள் 2018 இல் தங்களுக்கென்றே ஒரு சறுக்குக் கழகம் தொடங்கிவிட்டார்கள். நம் பிள்ளைகளும் வரட்டும்.) குடிக்க ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், கழுவ ஒரு கான் நல்ல தண்ணீர், காயத்துக்கு மருந்துத் துணி, நீளமான நைலோன் கயிறு, காற்றடைத்து மூடிய வெறும் ஐந்து லீற்றர் கான் ஒன்று. அந்த வெறுங்கான் தத்தளிக்கிறவரை நோக்கி எறிவதற்கு. கயிற்றை அதன் கைபிடியில் முன்பே கட்டிவையுங்கள். சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கையும் மறக்கவேண்டாம். தேநீருக்கும் ஆகும், வேறொன்றுக்கும் ஆகும், கீழே சொல்கிறேன்.

போகும் வழி

கிளிநொச்சிப் பக்கத்தவர் பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பு வழியாக வரவேண்டும். பரந்தனிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் சொச்சம். வவுனியா, மாங்குளம் பக்கத்தவருக்கு ஒட்டுசுட்டான் வீதி. இருட்டில் தார் வீதியில் மாடுகள் படுத்திருக்கும், காட்டோரத்தில் யானையும் குறுக்கிடலாம், ஆகவே மோட்டார் சைக்கிளில் பலகையைக் கட்டிக்கொண்டு வேகமாக வரவேண்டாம். வற்றாப்பளை அம்மன் வைகாசிப் பொங்கல் நாளை ஒட்டி வீதி முழுக்கச் சனமும் வாகனமும்தான். அந்த நாட்களில் கோயிலுக்குப் போங்கள், சறுக்கை அடுத்த கிழமைக்கு வையுங்கள்.

இடத் தெரிவில் ஒரு வேண்டுகோள். முள்ளிவாய்க்கால் கரையை இதற்குத் தெரிவு செய்யாதீர்கள். 2009 மே மாதத்தில் அந்த மணலில் நடந்தது நமக்குத் தெரியும். அங்கே நாம் விளக்கேற்றப் போகிறோம், விளையாட அல்ல. முல்லைத்தீவு நகரக் கரையும், தெற்கே அளம்பில், செம்மலைப் பக்கமும் நீண்டு கிடக்கின்றன.

இறங்குவதற்கு முன் அரை மணித்தியாலம்

வந்தவுடன் பாய்வதுதான் புதியவர்கள் செய்கிற முதல் பிழை. உட்காருங்கள். தேநீரை ஊற்றிக் குடித்துக்கொண்டு கடலைப் பாருங்கள். அதற்கு முன்னால் அங்கே நிற்கிற மீனவர் ஒருவரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"ஐயா, இதில பாடு இழுக்கிறீங்களோ?"

"ஓம் தம்பி. வலை விட்டாச்சு. அந்த வாடிக்கு அங்கால போய்க் குளியுங்கோ."

கோடை கரைவலைக் காலம். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கரையிலிருந்து கயிற்றை இழுப்பார்கள். கயிறு தண்ணீருக்குள் வெகுதூரம் போகும். நீங்கள் நிற்கிற இடத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. இழுபடும்போது திடீரென்று விறைத்து மேலே எழும்பும். அந்த இரண்டு கயிற்றுக்கும் இடையில் இறங்கினால் காலிலோ கழுத்திலோ மாட்டும். மீனும் கலைந்துவிடும். ஒரு பாடு, அதாவது ஒருமுறை வலை இழுப்பது, பாழானால் அத்தனை குடும்பத்தின் அன்றைய உழைப்பும் போகிறது. அவர்கள் சொல்கிற இடத்துக்குப் போய்விடுங்கள். நீரோட்டம் எங்கே இழுக்கிறது, மணல் எங்கே பள்ளமாகிக் கிடக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும், கேட்டால் சந்தோசமாகச் சொல்வார்கள்.

பிறகு அலையைப் பாருங்கள். எல்லா இடத்திலும் அலை ஒரே மாதிரி உடைவதில்லை. மணல்திட்டு இருக்கிற இடத்தில் தூரத்திலேயே மடிந்து, வெள்ளை நுரையாகி, மெல்ல மெல்லக் கரைக்கு உருண்டு வரும். உங்களுக்கு வேண்டியது அந்த இடம். கரை செங்குத்தாகச் சரிந்த இடத்தில் அலை வந்த வேகத்தில் கரையிலேயே தொம்மென்று விழும். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் கழுத்தை முறிக்கக்கூடியது அது. அங்கே வேண்டாம்.

இரண்டு திட்டுகளுக்கு நடுவே அலையே உடையாமல், நிறம் கொஞ்சம் கறுத்து, சலனமில்லாமல் ஓர் ஓடை தெரியலாம். நுரையும் குப்பையும் அதன் வழியே கடல் பக்கம் மிதந்து போவதைக் கவனித்தால் விளங்கும். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற வாசல் அதுதான். புதியவர் கண்ணுக்கு "இந்த இடம் அமைதியாக இருக்கிறது, இங்கே இறங்குவோம்" என்றுதான் தோன்றும். பலர் உயிரை விடுவது அப்படி இறங்கித்தான். அந்த ஓடையைக் கூட்டத்தில் எல்லோருக்கும் விரலால் காட்டி, அதற்கு நேரே கரையில் ஒரு தடியை நட்டுவையுங்கள். தடியின் பக்கம் யாரும் போகக்கூடாது. வட்டுவாகல், நாயாறு போன்ற முகத்துவாரங்கள் வெட்டித் திறந்திருந்தால் அவற்றின் அருகேயும் வேண்டாம்.

மணலில் துருப்பிடித்த இரும்பு, உருளை, வயர் எது கிடந்தாலும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள். பொலிஸ் 119 இற்குச் சொல்லுங்கள். மண்டையோடு போட்ட கண்ணிவெடி அறிவித்தல் பலகை இருக்கும் பக்கம் நடக்கவே வேண்டாம். குளிர்காயவோ சமைக்கவோ மணலில் நெருப்பு மூட்டுவதையும் தவிருங்கள், கீழே என்ன புதைந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மணலில் முதல் பாடம்

பலகையின் அளவில் ஈர மணலில் ஒரு கோடு கீறுங்கள். நடுக்கோடும் ஒன்று. அதில் குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்கையையும் விலா எலும்புக்குப் பக்கத்தில் தட்டையாக ஊன்றுங்கள். விளிம்பைப் பிடிக்க வேண்டாம். கையை அழுத்தி நெஞ்சைத் தூக்கி, பின்காலைக் குறுக்காக வைத்து, முன்காலை இரண்டு கைக்கும் நடுவே கொண்டுவந்து நில்லுங்கள். முழங்கால் இரண்டும் மடிந்திருக்கவேண்டும், பாதங்கள் நடுக்கோட்டின் மேல் இருக்கவேண்டும், கண் கரையில் ஒரு பனைமரத்தைப் பார்க்கவேண்டும். காலைக் குனிந்து பார்த்தவர் அந்தப் பக்கமே விழுவார்.

எது முன்கால் என்று தெரியாவிட்டால், ஓடிவந்து ஈரச் சீமெந்துத் தரையில் சறுக்குவதாக நினைத்துப் பாருங்கள். எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுதான். மற்றக் காலின் கணுவில் கால்கயிறு. இருபது முறை, இடைவெளி விட்டு முப்பது முறை எழும்பிப் பழகுங்கள். மூச்சு வாங்கும், மணல் ஒட்டும், ஆனால் இங்கே வராத அசைவு தண்ணீரில் ஒருநாளும் வராது.

தண்ணீரில்

காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நடந்து இறங்குங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போகும், மிதித்தால்தான் குத்தும். பலகையைப் பக்கவாட்டில் பிடித்து, மூக்கைக் கடலுக்கு நேரே வையுங்கள். வருகிற அலைக்கும் உங்களுக்கும் நடுவே பலகை குறுக்கே கிடக்கவே கூடாது, அலை அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும்.

இடுப்பளவில் நின்று பலகையைக் கரைக்குத் திருப்புங்கள். அலையின் பச்சை முதுகை விட்டுவிடுங்கள், ஏற்கெனவே உடைந்து உருண்டு வரும் வெள்ளை நுரைதான் உங்களுக்கு. அது ஐந்தாறு அடி தூரத்தில் வரும்போது பலகையில் படுத்துவிடவேண்டும். கூடவந்தவர் பலகையின் வாலைப் பிடித்து, நுரை தொடுகிற கணத்தில் நேராகத் தள்ளிவிடுவார். மூக்கு தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருந்தால் சரியாகப் படுத்திருக்கிறீர்கள். மூக்கு புதைந்து தலைகீழாகக் கவிழ்ந்தால் அதிகம் முன்னே படுத்துவிட்டீர்கள். நுரை உங்களை விட்டுவிட்டுப் போனால் அதிகம் பின்னே. ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

முதலில் எழும்ப நினைக்கவேண்டாம். படுத்தபடியே கரைவரை வாருங்கள். பலகை சட்டென்று உயிர்பெற்று, வயிற்றுக்குக் கீழே சர்ர்ரென்று இழுத்துக்கொண்டு ஓடும், காதோரம் நுரை இரையும். பெரிய மனிதரும் அதில் வாய்விட்டுக் கத்துவார். அப்படிப் பத்து அலை வந்த பிறகு நெஞ்சை மட்டும் தூக்கிப் பாருங்கள். அப்புறம்தான் எழும்புவது. பலகை ஓடத் தொடங்கி ஒரு கணம் பொறுத்து, மணலில் செய்த அதே அசைவை அவசரப்படாமல் செய்யுங்கள்.

விழுவீர்கள், எல்லோரும் விழுவார்கள். பின்பக்கமாகவோ பக்கவாட்டாகவோ, தட்டையாக விழுங்கள். தலைகீழாகப் பாய்ந்து விழுந்தால் ஆழமில்லாத தண்ணீரில் கழுத்து மணலில் இடிக்கும். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். கால்கயிறு இழுத்த வேகத்தில் பலகை உங்களைத் தேடித் திரும்பி வரும்.

நீரோட்டம் இழுத்துவிட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்ட வேண்டாம். எத்தனை பலசாலியும் அதில் தோற்றுப்போவார். பலகையை விடாமல் அதன் மேல் படுங்கள், அதுதான் உங்கள் மிதவை. ஒரு கையை உயர்த்துங்கள். இழுவை ஒடுக்கமானது, ஆகவே கரைக்குச் சமாந்தரமாகக் கையால் வலித்து, அலை உடைகிற பக்கம் வந்து, நுரையோடு கரையேறுங்கள். சோளகம் பலத்துவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அது வெளியே தள்ளும். அதனால்தான் இடுப்பளவைத் தாண்டவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கரையில் நிற்பவர் காப்பாற்றப் பாயக்கூடாது. வெறுங்கானைக் கயிற்றோடு எறிந்துவிட்டு மீனவர்களைக் கூப்பிடவேண்டும். வள்ளம் வைத்திருப்பவர் அவர்கள்தான்.

திருக்கை குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் காயத்தை ஊறவைத்தால் வலி குறையும், பிளாஸ்க் அதற்குத்தான். முள் உள்ளே இருந்தால் பிடுங்காமல் மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஜெலி மீன் பட்ட இடத்தை மணல் போட்டுத் தேய்க்கக்கூடாது, கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

ஏறிய பிறகு

எட்டரைக்கு ஏறிவிடவேண்டும் என்று முடிவெடுத்தால் எட்டரைதான். "கடைசியாக ஒன்று" என்று போகிற அலையில்தான் களைத்த கால் மடங்குகிறது. தலையை எண்ணுங்கள். பலகையையும் கால்கயிற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள், வெயிலில் கிடந்தால் ஃபோம் கழன்று உப்பிவிடும். பசி அப்போது தெரியும். நகரத்தில் இடியப்பமும் சம்பலும் சொதியும் கிடைக்கும். ஆனி, ஆடியில் வந்தால் வீதியோரத்தில் பாலைப்பழம் விற்பார்கள், வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போகலாம்.

சில காலைகளில் கடல் கண்ணாடி போலக் கிடந்து அலையே வராது. அன்றைக்குப் பலகையில் படுத்துக் கையால் வலித்துப் பழகுங்கள், தோளுக்கு அந்தப் பலம் பின்னால் வேண்டும். நுரையில் எழும்பிக் கரைவரை நின்றபடியே வரத் தெரிந்துவிட்டால், ஒரு விடுமுறைக்கு எல்லோருமாக அறுகம்குடா இருக்கும் பொத்துவிலுக்கு பஸ் ஏறலாம். சித்திரை முடிந்து ஐப்பசி வரை அங்கே நல்ல அலை. அறுகம்குடாவின் பெரிய முனைக்குப் போகாமல் பேபி பொயின்ட்டில் தொடங்குங்கள். அங்கே தண்ணீரில் ஆட்கள் நிறைய, ஆகவே ஒரு சட்டம் இருக்கிறது: அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் கிட்ட இருக்கிறாரோ, அலை அவருக்கு. அவர் எழும்பிவிட்டால் நீங்கள் வலிப்பதை நிறுத்தி, அடுத்த அலைக்குக் காத்திருக்கவேண்டும்.